எந்த எண் எதை அசைக்கிறது: தனியன்சார் மாதிரிகளில் உணர்திறன் பகுப்பாய்வு

தனியன்சார் மாதிரி, ஒரு காட்டையோ பறவைக் கூட்டத்தையோ ஒற்றைச் சமன்பாடாக எழுதுவதில்லை. அதில் உள்ள ஒவ்வொரு உயிரையும் தனித்தனியாகக் கணினிக்குள் வாழவைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வயது, பாலினம், இருப்பிடம், உடல் எடை போன்ற பண்புகள் உண்டு. எப்போது இடம்பெயரும், எப்போது குஞ்சு பொரிக்கும், எந்த நிகழ்தகவில் இறக்கும் என்ற விதிகளும் உண்டு. கூட்டத்தின் மொத்த எண்ணிக்கைக்கென்று தனியாக ஒரு சூத்திரம் கிடையாது; ஆயிரக்கணக்கான பிறப்புகளும் இறப்புகளும் நகர்வுகளும் சேர்ந்துதான் அது உருவாகிறது. டேனியல் பாட்கின், ஜேம்ஸ் ஜானக், ஜேம்ஸ் வாலிஸ் ஆகிய மூவர் 1972-ல் வெளியிட்ட ‘ஜபோவா’ என்ற காட்டு மாதிரி இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹப்பார்ட் புரூக் காட்டை 10 மீட்டருக்கு 10 மீட்டர் என்ற சிறு மனைகளாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மரமும் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு பருக்கிறது, எது எதற்கு நிழலிட்டு வளர்ச்சியைத் தடுக்கிறது, எது எப்போது பட்டுப்போகிறது என்று அது கணக்கிட்டது.

சமன்பாட்டு மாதிரியில் எந்த அளவுருவுக்கு எவ்வளவு செல்வாக்கு என்பதைத் தாளிலேயே கண்டுபிடித்துவிடலாம். எஸ் வடிவ வளர்ச்சிச் சமன்பாட்டில் வளர்ச்சி வீதம், தாங்குதிறன் என இரண்டே அளவுருக்கள். நீண்டகால எண்ணிக்கையைத் தாங்குதிறன் நிர்ணயிக்கிறது. வளர்ச்சி வீதம் அந்த எண்ணிக்கையை எட்டும் வேகத்தைத்தான் மாற்றுகிறது. இதைச் சொல்ல வகைக்கெழு போதும், கணினி தேவையில்லை. தனியன்சார் மாதிரியிலோ வகையிடுவதற்குச் சூத்திரமே இல்லை. பத்து, இருபது, சில சமயம் நூறு அளவுருக்கள் விதிகளுக்குள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் பலவற்றின் மதிப்பு களத்தில் துல்லியமாக அளக்கப்பட்டதல்ல. வேறோர் இடத்து ஆய்விலிருந்தோ நெருங்கிய இனத்திலிருந்தோ கடன் வாங்கியது, அல்லது நிபுணரின் ஊகம். அந்த எண் சற்றுப் பிசகியிருந்தால் முடிவு என்னவாகும் என்பதை மாதிரியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துத்தான் அறிய முடியும். அப்படி ஓட்டிப் பார்ப்பதை ஒழுங்குபடுத்தும் முறைகளின் தொகுப்பே உணர்திறன் பகுப்பாய்வு.

அதன் பயன் பலவகை. எந்த அளவுருவைக் களத்தில் மேலும் கவனமாக அளக்க வேண்டும், எதை ஏறக்குறையச் சொன்னாலே போதும் என்பது தெரியவரும். முடிவுகளை உண்மையில் இயக்குவது எந்த உயிரியல் செயல்முறை என்பதும் புலப்படும். நிரல் பிழைகளும் இங்கேதான் பெரும்பாலும் பிடிபடுகின்றன: அசைக்க வேண்டிய அளவுரு எதையுமே அசைக்காவிட்டால், அதை வாசிக்கும் வரி நிரலில் விடுபட்டிருக்கக்கூடும்.

மரக்கொண்டலாத்தி மாதிரி

முறைகளை ஒப்பிட்டுக் காட்ட ஒரு சிறிய, நன்கு அறியப்பட்ட மாதிரி தேவை. ஆப்பிரிக்காவில் சஹாராவுக்குத் தெற்கே வாழும் பச்சை மரக்கொண்டலாத்தி அதற்குப் பொருத்தமானது. தமிழகத்து வயல்வெளிகளில் காணும் கொண்டலாத்திக்கு உறவான இந்தப் பறவைக்கு நீண்ட வாலும் வளைந்த சிவப்பு அலகும் உண்டு. சிறு குழுக்களாக வாழும். இரவில் மரப்பொந்துகளில் சேர்ந்து தங்கும். குழுவில் ஒரே ஓர் ஆணும் ஒரே ஒரு பெண்ணும்தான் இனப்பெருக்கம் செய்கின்றன. மற்றவை துணைநிலைப் பறவைகள். குஞ்சுகளுக்கு இரை கொண்டுவந்து ஊட்டுகின்றன. தலைமைப் பறவை இறந்தால் அதே பாலினத்துத் துணைப் பறவைகளில் மூத்தது அந்த இடத்துக்கு வருகிறது. துணைப் பறவைக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. தன் எல்லையை விட்டுக் கிளம்பி, அக்கம்பக்கத்தில் எங்காவது தலைமை இடம் காலியாக இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம். அந்தத் தேடலில் இரைகொல்லிப் பறவைகளிடம் அகப்பட்டு இறக்கும் ஆபத்து அதிகம்.

தென்னாப்பிரிக்காவில் வாழும் இப்பறவைகளின் குழு அளவை எது தீர்மானிக்கிறது என்பதை ஆராய நாயெர்ட், டு பிளெஸி, கிரிம், விஸ்ஸல் ஆகியோர் 1995-ல் ஒரு தனியன்சார் மாதிரியை வெளியிட்டனர். ஸ்டீவன் ரெயில்ஸ்பேக்கும் ஃபோல்கர் கிரிம்மும் எழுதிய பாடநூல் அதை எளிமையாக்கிக் கற்பித்தலுக்குக் கொண்டுவந்தது. தீலே, குர்த், கிரிம் மூவரும் 2014-ல் வெளியிட்ட கட்டுரை, அந்த எளிய வடிவத்தையே பல உணர்திறன் முறைகளுக்கும் பொதுச் சோதனைக்களமாக வைத்தது.

எளிய வடிவத்தில் 25 எல்லைகள் ஒரே வரிசையில் இருக்கின்றன. வரிசையின் இரு முனைகளும் இணைக்கப்பட்டுள்ளன. காலம் மாதம் மாதமாக நகர்கிறது. டிசம்பரில், தலைமை இணை முழுதாக இருக்கும் எல்லைகளில் குஞ்சுகள் பிறக்கின்றன. வழக்கமான மதிப்பு 2. ஒவ்வொரு மாதமும் ஒரு பறவை உயிர்பிழைக்கும் நிகழ்தகவு ஓர் அளவுரு. வளர்ந்த துணைப் பறவை தேடலுக்குக் கிளம்பும் நிகழ்தகவு மற்றோர் அளவுரு. தேடல் 5 எல்லைகள் தூரம் வரை செல்லும். தேடலில் பிழைத்துவரும் நிகழ்தகவு 0.8. மாதிரி 22 ஆண்டுகள் ஓடுகிறது. தொடக்க நிலையின் தாக்கம் அடங்குவதற்காக முதல் 2 ஆண்டுகள் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. மூன்று வெளியீடுகள் கவனிக்கப்படுகின்றன: பறவைகளின் சராசரி எண்ணிக்கை, அது ஆண்டுக்கு ஆண்டு ஏறியிறங்கும் அளவு, தலைமைப் பறவைகளில் ஒன்றோ இரண்டுமோ இல்லாத எல்லைகளின் விழுக்காடு. பாடநூல் தரும் இலக்கு வீச்சுகள் முறையே 115 முதல் 135 பறவைகள், 10 முதல் 15 பறவைகள் என்ற திட்ட விலக்கம், 15 முதல் 30 விழுக்காடு.

அளவுருக்கள் மொத்தம் ஐந்துதான். ஆனாலும் பெரிய மாதிரிகளில் வரும் சிக்கல்கள் ஏறத்தாழ எல்லாமே இதில் வந்துவிடுகின்றன.

தற்செயலும் மறு ஓட்டங்களும்

முதல் சிக்கல், ஒரே அளவுருக்களுடன் இரண்டு முறை ஓட்டினால் இரண்டு வெவ்வேறு விடைகள் வருவது. எந்தப் பறவை எந்த மாதம் இறக்கும் என்பதைச் சமவாய்ப்பு எண்கள் முடிவு செய்கின்றன. ஆகவே அளவுரு மாறியதால் வந்த வேறுபாட்டையும் தற்செயலாக வந்த வேறுபாட்டையும் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. ஓட்டத்துக்கு ஓட்டம் எண்ணிக்கையின் திட்ட விலக்கம் 12 பறவைகள் என்று கொள்வோம். 10 மறு ஓட்டங்களின் சராசரியில் இருக்கும் நிச்சயமின்மை சுமார் 3.8 பறவைகள். இப்படிப்பட்ட இரு சராசரிகளைக் கழித்தால் அந்த நிச்சயமின்மை 5.4 ஆகிறது. ஓர் அளவுருவின் சிறு மாற்றம் எண்ணிக்கையை 2 பறவைகள் அளவுக்கே நகர்த்துமானால், 10 ஓட்டங்களில் அது தெரியவே தெரியாது. நூற்றுக்கணக்கான ஓட்டங்கள் வேண்டும். எத்தனை என்பதை முன்கூட்டியே ஊகிப்பதைவிட, ஓட்டங்களைக் கூட்டிக்கொண்டே போய் மாறுபாட்டுக் கெழு எப்போது நிலைபெறுகிறது என்று பார்ப்பது நல்லது.

இரு ஒப்பீட்டு ஓட்டங்களுக்கும் ஒரே சமவாய்ப்பு எண் வரிசையைக் கொடுத்து இரைச்சலைக் குறைக்கும் உத்தி வேறு துறைகளில் நன்றாகப் பயன்படுகிறது. தனியன்சார் மாதிரியில் அது பெரிதாக உதவுவதில்லை. ஒரு பறவை ஒரு மாதம் கூடுதலாகப் பிழைத்தாலே போதும். அடுத்து வரும் ஒவ்வோர் எண்ணும் வேறொரு பறவைக்குப் போய்ச் சேரும். இரண்டு ஓட்டங்களும் அந்தக் கணத்திலிருந்து பிரிந்துவிடும்.

சராசரியை மட்டும் பார்ப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. பாதி ஓட்டங்களில் கூட்டம் அழிந்துபோய், மறு பாதியில் 120 பறவைகளோடு செழிக்கிறது என்றால், சராசரி 60. அந்த 60 எந்த ஓட்டத்திலும் நிகழாத ஒரு நிலை. அழிவு நேரக்கூடிய எந்த மாதிரியிலும் அழிந்த ஓட்டங்களின் விகிதத்தைத் தனி வெளியீடாகக் கணக்கிடுவது அவசியம்.

ஒரு நேரத்தில் ஒன்று

மிக எளிய முறை, எல்லா அளவுருக்களையும் ஆதார மதிப்பில் நிறுத்திவைத்து, ஒன்றை மட்டும் சிறிதளவு, வழக்கமாக 5 விழுக்காடு, கூட்டியும் குறைத்தும் பார்ப்பது. வெளியீட்டின் விழுக்காட்டு மாற்றத்தை அளவுருவின் விழுக்காட்டு மாற்றத்தால் வகுத்தால் உணர்திறன் கெழு கிடைக்கிறது. 5 விழுக்காடு கூட்டியதில் எண்ணிக்கை 120-லிருந்து 132-க்குப் போனால், மாற்றம் 10 விழுக்காடு, கெழு 2. இதை உள்ளூர்ப் பகுப்பாய்வு என்கிறார்கள்; பகுதி வகைக்கெழுவுக்கு இது ஒரு தோராயம். செலவு குறைவு, விளக்குவது எளிது. ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் இது மட்டுமே செய்யப்பட்டிருக்கும்.

இந்த 5 விழுக்காடு பார்ப்பதற்கு நடுநிலையான எண் போலத் தோன்றுகிறது. உண்மையில் அப்படி அல்ல. மரக்கொண்டலாத்தியின் மாதப் பிழைப்பு நிகழ்தகவை 0.98 என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆண்டு முழுதும் பிழைத்திருக்கும் வாய்ப்பு 0.98-இன் பன்னிரண்டாம் படி, அதாவது 0.785. அதை 5 விழுக்காடு கூட்டினால் 1.029, நிகழ்தகவு ஒன்றைத் தாண்ட முடியாது. 5 விழுக்காடு குறைத்தால் 0.931, ஆண்டுப் பிழைப்பு 0.424-க்குச் சரிகிறது, கூட்டம் பேரழிவுக்கு உள்ளாகிறது. அதே உயிரியலை இறப்பு நிகழ்தகவாக எழுதினால் ஆதார மதிப்பு 0.02. அதை 5 விழுக்காடு அசைத்தால் 0.019, 0.021. ஆண்டுப் பிழைப்பு 0.794-க்கும் 0.775-க்கும் இடையில்தான் ஆடுகிறது. ஒரே பறவை, ஒரே விதி. ஆனால் முதல் வடிவத்தில் பிழைப்பு அளவுரு பட்டியலின் உச்சத்தில் நிற்கும், இரண்டாவதில் நடுவில் எங்கோ இருக்கும். ஆகவே அளவுரு எந்த வடிவில் எழுதப்பட்டது, எவ்வளவு அசைக்கப்பட்டது என்பதைச் சொல்லாமல் ஒரு மாதிரி ‘பிழைப்புக்கு மிகவும் உணர்திறன் கொண்டது’ என்று எழுதுவதில் பொருளில்லை. 5 விழுக்காடு என்று வழக்கத்துக்காக எடுத்துக்கொள்வதைவிட, களத்தரவின் நிச்சயமின்மை எவ்வளவோ அவ்வளவு அசைப்பதே பயனுள்ளது.

இதைவிட ஆழமான குறை வேறொன்று. தேடலுக்குக் கிளம்பும் நிகழ்தகவு பூச்சியம் என்ற ஆதாரப் புள்ளியில் நின்று பகுப்பாய்வு செய்வதாகக் கொள்வோம். எந்தப் பறவையும் கிளம்புவதில்லை. ஆகவே தேடலில் பிழைக்கும் நிகழ்தகவை 0.8-இலிருந்து 0.2-க்குக் குறைத்தாலும் எதுவும் மாறாது; தேடல் தூரத்தை 5-இலிருந்து 1 ஆக்கினாலும் எதுவும் மாறாது. இரண்டு அளவுருக்களும் முக்கியமற்றவை என்று பட்டியல் சொல்லும். கிளம்பும் நிகழ்தகவை 0.4 ஆக்கிவிட்டு அதே சோதனையைச் செய்தால், தேடலில் நேரும் இறப்பு கூட்டத்தின் தலைவிதியையே மாற்றக்கூடும். ஓர் அளவுருவின் செல்வாக்கு இன்னொன்றின் மதிப்பைப் பொறுத்திருக்கும் இந்த நிலைக்கு இடைவினை என்று பெயர். தனியன்சார் மாதிரிகளின் உயிரே இந்த இடைவினைகளில்தான் இருக்கிறது. ஒன்றையொன்று சாராத செயல்முறைகளை மட்டும் கொண்ட அமைப்பாக இருந்தால், தனியன்களைத் தனித்தனியே உருவகப்படுத்த வேண்டிய தேவையே எழுந்திருக்காது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் அசைக்கும் முறையின் கண்ணுக்கு அகப்படாமல் போவது துல்லியமாக இந்தப் பகுதிதான்.

ஆந்திரேயா சால்டெல்லியும் பாவ்லா அன்னோனியும் 2010-ல் இதே குறையை வடிவியல் வாயிலாகக் காட்டினர். ஆதாரப் புள்ளியிலிருந்து ஒவ்வோர் அச்சின் வழியாக மட்டுமே நகரும் சோதனைகள் அனைத்தும், அளவுரு வெளியாகிய கனசதுரத்துக்குள் பொருந்தும் கோளத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. மூன்று பரிமாணத்தில் அந்தக் கோளம் கனசதுரத்தின் 52 விழுக்காட்டை நிரப்புகிறது. பத்துப் பரிமாணத்தில் நிரப்புவதோ சுமார் 0.25 விழுக்காடு. மிச்சமுள்ள மூலைகள் பார்க்கப்படுவதே இல்லை.

இதனால் இந்த முறையை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. சிறு அசைவுக்குப் பதிலாக ஓர் அளவுருவை அதன் முழு வீச்சிலும் படிப்படியாக நகர்த்தி, வெளியீட்டை வரைபடமாக வரைந்தால், வேறெந்த முறையும் இவ்வளவு தெளிவாகக் காட்டாத ஒன்று தெரியும்: வளைவின் வடிவம். நெதர்லாந்தின் டென் புரூக்கும் உடன் ஆய்வாளர்களும் 2016-ல் பல முறைகளை ஒப்பிட்டபோது, தனியன்சார் மாதிரிக்கு முதல் படியாக இதையே பரிந்துரைத்தனர். ஒரு மதிப்பைத் தாண்டியதும் கூட்டம் திடீரென்று சரியும் இடம், செல்வாக்கின் திசையே தலைகீழாகும் இடம் ஆகியவை ஒற்றைக் கெழுவில் ஒளிந்துகொள்ளும். வரைபடத்தில் ஒளிய முடியாது. தேடலுக்குக் கிளம்பும் நிகழ்தகவு இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. பறவைகள் கிளம்பவே இல்லையென்றால், துணைப் பறவைகள் இல்லாத எல்லைகளில் காலியான தலைமை இடங்கள் நிரம்புவதில்லை. ஓயாமல் கிளம்பிக்கொண்டே இருந்தாலோ வழியில் இறந்து தீர்கின்றன. இரு முனைகளிலும் கேடு, இடையில் நலம் என்ற இத்தகைய வளைவின் உச்சியில் ஆதார மதிப்பு அமைந்துவிட்டால், இருபுறமும் சிறிது அசைத்துப் பார்ப்பவருக்குக் கெழு பூச்சியத்துக்கு அருகில் வரும். மாதிரியின் மிக முக்கியமான அளவுரு, பொருட்படுத்த வேண்டாதது என்ற முத்திரையைப் பெறும்.

எல்லாவற்றையும் ஒருசேர அசைத்தல்

முழு அளவுரு வெளியையும் ஆராயும் முறைகளை முழுதளாவிய பகுப்பாய்வு என்று அழைக்கிறார்கள். நேரடியான வழி எல்லாச் சேர்க்கைகளையும் ஓட்டிப் பார்ப்பது. ஐந்து அளவுருக்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்புகள் என்றால் 3,125 சேர்க்கைகள், செய்துவிடலாம். பத்து அளவுருக்கள் என்றால் 97,65,625 சேர்க்கைகள். ஓர் ஓட்டத்துக்கு ஒரு நிமிடம் என்றாலும், மறு ஓட்டமே இல்லாமல், ஒரு கணினிக்கு 18 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே குறைந்த புள்ளிகளில் அதிகம் அறிந்துகொள்ளும் வழிகள் தேவைப்பட்டன. சுவையான செய்தி, அவற்றுள் முக்கியமானவை எவையும் சூழலியலில் பிறக்கவில்லை என்பது. பொறியியல், இயற்பியல் கணிப்பு நிரல்களுக்காக உருவானவற்றைச் சூழலியலாளர்கள் பிற்பாடு எடுத்துக்கொண்டனர்.

மெக்கே, பெக்மன், கோனோவர் ஆகியோர் 1979-ல் முன்வைத்த லத்தீன் மீகனசதுரக் கூறெடுப்பு அவற்றில் ஒன்று. 100 புள்ளிகள் வேண்டுமென்றால் ஒவ்வோர் அளவுருவின் வீச்சும் 100 சம துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. எந்த அளவுருவை எடுத்துப் பார்த்தாலும் ஒவ்வொரு துண்டிலும் சரியாக ஒரு புள்ளி விழும்படி சேர்க்கைகள் அமைக்கப்படுகின்றன. முழுக்கச் சமவாய்ப்பாக எடுத்தால் சில இடங்களில் கூட்டமும் சில இடங்களில் வெறுமையுமாக அமையும்; இங்கே அப்படி ஆவதில்லை. கிடைத்த வெளியீடுகளின் மேல் உடன்தொடர்புப் போக்குக் கோட்டைப் பொருத்தி, எந்த அளவுருவின் கெழு பெரிது என்று பார்க்கலாம். தொடர்பு ஏறக்குறைய நேர்கோடாக இருக்கும் வரை இது நம்பத்தக்கது. மேலே சொன்ன தேடல் வளைவு போல ஏறி இறங்கும் தொடர்பில், ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அழித்துக் கெழு மறைந்துவிடும்.

அளவுருக்கள் மிகப் பலவாக இருக்கும்போது முதலில் சலித்தெடுக்க உதவுவது மேக்ஸ் மாரிஸ் 1991-ல் வெளியிட்ட முறை. சமவாய்ப்பாக ஓர் இடத்தில் தொடங்கி, ஒவ்வோர் அளவுருவையும் ஒரு முறை நகர்த்தி, அந்தந்த நகர்வால் வெளியீடு எவ்வளவு மாறியது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு வேறோர் இடத்தில் தொடங்கி அதையே செய்ய வேண்டும். ஓர் அளவுருவுக்கு இப்படிப் பல இடங்களில் கிடைத்த மாற்றங்களின் சராசரி அதன் ஒட்டுமொத்தச் செல்வாக்கைச் சொல்கிறது. அவற்றின் திட்ட விலக்கம், அந்தச் செல்வாக்கு இடத்துக்கு இடம் எவ்வளவு வேறுபடுகிறது என்பதைச் சொல்கிறது. விலக்கம் பெரிதாக இருந்தால் இடைவினையோ வளைந்த தொடர்போ இருக்கிறது என்று அறியலாம். இரண்டில் எது என்பதை மட்டும் இந்த முறையால் பிரித்துச் சொல்ல இயலாது. கூட்டலும் கழித்தலுமான மாற்றங்கள் ஒன்றையொன்று அழித்துவிடாமல் இருக்க, குறியை நீக்கிய அளவுகளின் சராசரியை எடுக்கும் திருத்தத்தைக் கம்போலோங்கோவும் உடன் ஆய்வாளர்களும் 2007-ல் கொண்டுவந்தனர். ஐந்து அளவுருக்களுக்கு 20 தொடக்க இடங்கள் என்றால் 120 புள்ளிகள் போதும். இவ்வளவு மலிவாக இவ்வளவு சொல்லும் முறை வேறில்லை. பெரிய மாதிரி எதற்கும் இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போவது வீண் செலவு.

ரஷ்யக் கணிதவியலாளர் இல்யா சோபோல் 1990-களின் தொடக்கத்தில் அமைத்த முறை வேறொரு கேள்வியிலிருந்து தொடங்குகிறது. எல்லா அளவுருக்களும் அவற்றின் வீச்சுக்குள் ஒருசேர மாறும்போது வெளியீடும் பரந்து சிதறுகிறது. அந்தச் சிதறலின் அளவான விலக்க வர்க்கச் சராசரியில் எவ்வளவு பங்கு எந்த அளவுருவால் வந்தது? ஓர் அளவுரு தனியாகக் கொண்டுவரும் பங்கு முதல்நிலைக் குறியீடு. அது மற்றவற்றோடு சேர்ந்து இடைவினைகளால் கொண்டுவருவதையும் கூட்டினால் மொத்தக் குறியீடு. இரண்டுக்கும் உள்ள இடைவெளியே அந்த அளவுருவின் இடைவினைப் பங்கு. மரக்கொண்டலாத்தி மாதிரியில், தேடலில் பிழைக்கும் நிகழ்தகவுக்கு இப்படி ஓர் இடைவெளியை எதிர்பார்க்க மாதிரியின் அமைப்பே காரணம் தருகிறது: கிளம்பும் நிகழ்தகவு பூச்சியத்தை விட்டு விலகும்போதுதான் அது வேலை செய்யத் தொடங்குகிறது. மொத்தக் குறியீடு பூச்சியமாக இருந்தால், அந்த வீச்சுக்குள் அந்த அளவுருவை எந்த மதிப்பில் நிறுத்தினாலும் வெளியீட்டுக்கு வேறுபாடில்லை என்று துணிந்து சொல்லலாம். முதல்நிலைக் குறியீடு பூச்சியம் என்பதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

இதன் விலை கணிப்பு நேரம். சால்டெல்லியின் கூறெடுப்புத் திட்டப்படி, அடிப்படைக் கூறு 1,000 என்றும் அளவுருக்கள் ஐந்து என்றும் கொண்டால் 7,000 புள்ளிகள் வேண்டும். ஒவ்வொன்றிலும் 20 மறு ஓட்டங்கள் என்றால் 1,40,000 ஓட்டங்கள். மறு ஓட்டங்களைச் சராசரியாக்காமல் விட்டால் தற்செயலின் இரைச்சலும் சிதறலில் கலந்து, எந்த அளவுருவாலும் வராத ஒரு பங்காக நின்று, குறியீடுகளின் கணிப்பைக் கலக்கிவிடும். ஓட்டம் மிக மெதுவான மாதிரிகளில், சில நூறு ஓட்டங்களின் முடிவுகளைக் கொண்டு ஒரு விரைவான பதிலி மாதிரியைப் புள்ளியியல் முறையில் கட்டி, சோபோல் கணக்கை அதன்மேல் நடத்துவது உண்டு. பதிலி எவ்வளவு நம்பகமானது என்பதைக் கட்டுவதற்குப் பயன்படுத்தாத புள்ளிகளில் சோதித்த பிறகே அதைச் செய்ய வேண்டும். திடீர்ச் சரிவுகள் உள்ள இடங்களில் வழவழப்பான பதிலிகள் தவறிவிடும். அதனால்தான் ஒவ்வோர் அளவுருவையும் முழு வீச்சில் நகர்த்தி வரைபடம் பார்க்கும் அந்த எளிய படி முன்னதாக நடந்திருக்க வேண்டும்.

வீச்சு என்ற முடிவு

முழுதளாவிய முறைகள் தரும் குறியீடுகள், ஒவ்வோர் அளவுருவுக்கும் கொடுத்த வீச்சைப் பொறுத்தவை. மாதப் பிழைப்பை 0.95 முதல் 1 வரை மாறவிட்டால் ஆண்டுப் பிழைப்பு 54 விழுக்காட்டிலிருந்து முழுமை வரை ஓடுகிறது. மற்ற எல்லா அளவுருக்களின் பங்கும் அதன் முன்னால் சிறுத்துவிடும். அதே அளவுருவை 0.98 முதல் 0.985 வரை அடக்கினால் தேடல் சார்ந்த அளவுருக்கள் மேலெழும். முதல் வீச்சில் கிடைப்பது மாதிரியின் பொது நடத்தை பற்றிய அறிவு. இரண்டாவதில் கிடைப்பது, இப்போது அறிந்திருப்பதை வைத்து எங்கே இன்னும் இருட்டு இருக்கிறது என்ற அறிவு. இரண்டும் தேவையானவை, ஆனால் வெவ்வேறானவை. ஆகவே மாதிரியைக் களத்தரவோடு பொருத்தி, இலக்கு வீச்சுகளை எட்டாத சேர்க்கைகளை விலக்கிய பின், மிஞ்சிய வெளியில் உணர்திறனை மீண்டும் கணக்கிடுவது நல்லது. எண்ணிக்கை, ஏற்றத்தாழ்வு, காலி இடங்கள் என்ற மூன்று வடிவங்களும் ஒருசேரப் பொருந்த வேண்டும் என்னும்போது, ஒன்றுக்கு மட்டும் பொருந்திய பல சேர்க்கைகள் உதிர்ந்துவிடுகின்றன.

உயர்ந்த உணர்திறன் மாதிரியின் குறை என்று கருதிவிடவும் கூடாது. இயற்கையே அப்படி இருக்கலாம். பிரிட்டனின் கார்டிஃப் வளைகுடாவில் 1999-ல் தடுப்பணை மூடப்பட்டு, பவளக்கால் உள்ளான்கள் இரை தேடிய சேற்றுவெளி நீருக்குள் போனது. இடம்பெயர்ந்த வளர்ந்த பறவைகளின் ஆண்டுப் பிழைப்பு 0.846-இலிருந்து 0.778-க்குக் குறைந்தது என்று கள ஆய்வு காட்டியது. பார்வைக்குச் சிறிய இறக்கம். இறப்பாகக் கணக்கிட்டால் 44 விழுக்காடு உயர்வு. நீண்டநாள் வாழும் பறவையினத்தின் மாதிரி ஒன்று பிழைப்பு அளவுருவுக்குச் சற்றும் அசையவில்லையென்றால், ஐயப்பட வேண்டியது மாதிரியைத்தான்.

விதிகளின் உணர்திறன்

இதுவரை சொன்னவை எண்களைப் பற்றியவை. விதிகளும் ஊகங்களே, அவை மாறினால் முடிவு என்னவாகும் என்ற கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலே போகிறது. அளவுருவுக்குத் தசமப் புள்ளியை நகர்த்தினால் போதும், விதியை மாற்ற நிரலைத் திருத்தி எழுத வேண்டும் என்பது அதற்கு ஒரு காரணம். ரெயில்ஸ்பேக்கும் பிரெட் ஹார்வியும் 2002-ல் டிரவுட் மீன் மாதிரியில் இதைச் செய்து காட்டினர். ஓடையில் எந்த இடத்துக்குப் போவது என்று மீன் எப்படி முடிவெடுக்கிறது? வளர்ச்சி அதிகம் கிடைக்கும் இடத்துக்குப் போகிறது என்பது ஒரு விதி. உடனடிப் பிழைப்பு வாய்ப்பு அதிகமுள்ள இடத்துக்குப் போகிறது என்பது இரண்டாவது. உணவுநிலையையும் இரைகொல்லிகளின் ஆபத்தையும் ஒருசேரக் கணித்து, வரும் நாட்களில் பிழைத்து இனப்பெருக்க அளவை எட்டும் வாய்ப்பை அதிகமாக்குகிறது என்பது மூன்றாவது. உண்மையான மீன்களிடம் காணப்பட்ட ஆறு நடத்தை வடிவங்களோடு ஒப்பிட்டபோது, ஆறையும் உருவாக்கியது மூன்றாவது விதி மட்டுமே. முதல் இரண்டு விதிகளோடு எத்தனை ஆயிரம் சோபோல் ஓட்டங்கள் ஓட்டியிருந்தாலும், கிடைத்திருப்பது தவறான மாதிரியின் துல்லியமான குறியீடுகளே.

விதிகளையும் அளவுருக்களையும் வேண்டுமென்றே வலுவாக மாற்றி, எந்த இடத்தில் மாதிரியின் முக்கிய முடிவு உடைகிறது என்று தேடுவதை உறுதிநிலைப் பகுப்பாய்வு என்று பிரித்துச் சொல்கிறார்கள். கிரிம்மும் உட்டா பெர்கரும் 2016-ல் அதைத் தனி முறையாக வலியுறுத்தினர். பாதுகாப்புத் திட்டங்களுக்கு இதுவே மிக நெருக்கமானது. வனத்துறைக்கு வேண்டியது பெரும்பாலும் 120 பறவைகளா 128 பறவைகளா என்ற விடை அல்ல. இரண்டு திட்டங்களில் எது கூட்டத்துக்கு அதிக நன்மை தரும் என்ற வரிசை. அளவுருக்களின் நிச்சயமின்மையால் எண்ணிக்கை பரவலாக ஆடினாலும், எல்லாச் சேர்க்கைகளிலும் முதல் திட்டமே இரண்டாவதை விஞ்சினால் பரிந்துரை உறுதியாக நிற்கும். சில சேர்க்கைகளில் வரிசை தலைகீழானால், எந்த அளவுரு அதைத் தலைகீழாக்குகிறதோ அதை அளக்கத்தான் அடுத்த களப்பணி போக வேண்டும், அது உணர்திறன் பட்டியலில் எந்த இடத்தில் இருந்தாலும். ஆகவே பகுப்பாய்வின் வெளியீடாக எண்ணிக்கையைவிட, திட்டங்களுக்கிடையிலான வேறுபாட்டையே எடுத்துக்கொள்வது பொருத்தம்.

இந்தப் பகுப்பாய்வுகளை நடத்தத் தேவையான கருவிகள் இப்போது எளிதில் கிடைக்கின்றன. யூரி விலென்ஸ்கி 1999-ல் உருவாக்கிய நெட்லோகோ என்ற இலவச மென்பொருளில் மாதிரியை எழுதி, ஆர் மொழியிலிருந்து அதை இயக்கி, மாரிஸ், சோபோல் முறைகள் இரண்டையும் சில பத்து வரிகளில் செய்யலாம். கடினமாக இருப்பது அறிக்கையிடல். மாதிரியை விவரிக்க 2006-லிருந்து ‘ஓடிடி’ என்ற பொதுவடிவம் இருக்கிறது. அதன் சோதனைகளைப் பதிவுசெய்ய ‘டிரேஸ்’ என்ற ஆவண வடிவம் வந்திருக்கிறது. உணர்திறன் முடிவோடு சேர்ந்து வர வேண்டியவை: ஆதார மதிப்புகள், ஒவ்வொரு வீச்சும் அது தேர்ந்தெடுக்கப்பட்ட காரணமும், கவனிக்கப்பட்ட வெளியீடு, கழிக்கப்பட்ட தொடக்க ஆண்டுகள், புள்ளிகளின் எண்ணிக்கை, புள்ளிக்கு எத்தனை மறு ஓட்டங்கள், அழிந்த ஓட்டங்கள் எப்படிக் கணக்கிடப்பட்டன என்பது. இவற்றில் கடைசியாகச் சொன்னதே கட்டுரைகளில் அடிக்கடி விடுபடுகிறது. அழிந்த கூட்டத்தைப் பூச்சியமாகச் சேர்ப்பதா, ஒதுக்கிவிடுவதா என்ற அந்த ஒரு முடிவு குறியீடுகளின் வரிசையையே மாற்றிவிடக்கூடியது.